அத்தான் கடை எடை மெஷினும் என் இருபத்தெட்டு நாளும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்கிற தகுதியை ஆறு வாரத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மாலை, உங்கள் கடை வாசலிலேயே தொலைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கேட்காமல் ஒரு கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆகவே கேட்டுவிட்டேன். நீ என்னோடு பேசாமல் இருப்பது நியாயம்தான். கிழித்துப் போடுவதானாலும் இதை முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உடம்பைக் குறைப்பது என்று முடிவெடுத்து அத்தான் பாத்திரக் கடையில் குளியலறை எடை மெஷின் வாங்கினேன் இல்லையா? அத்தானே அட்டையைப் பிரித்து, தானே ஏறி நின்று, "நல்லா காட்டுதும்மா, தைரியமா எடுத்துட்டுப் போ" என்றார். என் எடை அன்று எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் ஓர் இடத்தில் இருந்தது. எந்த இடம் என்பது அலுவலக ரகசியம். பத்தொன்பது வருடமாக ஊரார் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற எடை அளவை ஆய்வாளர் நான். ஆகவே சும்மா ஏறி இறங்காமல் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், காட்டிய எடை, குறிப்பு என்று நாலு கட்டம். மூன்று வாரம் வெள்ளரிக்காயும் வேகவைத்த முட்டையுமாக வாழ்ந்து ஒன்றே முக்கால் கிலோ குறைத்தேன். குறிப்புக் கட்டத்தில் "மிகவும் திருப்தி" என்று எழுதி, அடியில் என் சுருக்கொப்பம் வேறு. யார் கேட்டார்கள்?

நாலாவது வாரம் வந்தது வினை. நாலே நாளில் இரண்டு கிலோ ஏறிவிட்டது. அதே வெள்ளரிக்காய்தான், அதே முட்டைதான், மாடிப்படி ஏறி இறங்குவது வேறு. முதலில் தரை மேல் சந்தேகம் வந்தது, அலுவலக ரசமட்டத்தை எடுத்துவந்து வீட்டில் ஒவ்வோர் அறையாக மட்டம் பார்த்தேன், சமையலறை மட்டும் கொஞ்சம் சாய்வு என்று தெரிந்தது, எடை மட்டும் எல்லா அறையிலும் ஒன்றாகவே இருந்தது. பிறகு வளையலைக் கழற்றினேன், கம்மலைக் கழற்றினேன், கொண்டை ஊசி ஆறையும் உருவினேன். அப்புறம் தலைமுடிதான் கனக்கிறது என்று தோன்றி, யோசிக்காமல் நேரே பார்லருக்குப் போய் அரை அடி முடியை வெட்டிக்கொண்டு வந்தேன். வெட்டிய முடியைப் பொட்டலமாக வாங்கிவந்து அலுவலகத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். நாற்பது கிராம்! கண்ணாடியில் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போகிற பிள்ளை மாதிரி இருந்தேன்.

அடுத்து உன் கொழுந்தன் முறைக்காரர், அதாவது என் வீட்டுக்காரர் மேல் சந்தேகம். நான் மெஷினில் நிற்கும்போது பின்னாலிருந்து கால் கட்டை விரலால் மிதிக்கிறாரோ என்று.

"நான் எதுக்குடி மிதிக்கணும்?"

"நான் மெலிஞ்சா உங்களுக்குத்தானே பொறாமை."

"நான் கூடத்துல உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டிருக்கேன். என் கால் என்ன பதினஞ்சு அடி நீளமா?"

அவர் நாற்காலிக்கும் மெஷினுக்கும் நடுவே அளந்து பார்த்தேன். பதினாறு அடி இருந்தது. அவரை விடுதலை செய்தேன்.

அப்புறம் தொழில்முறைப்படியே இறங்கிவிடுவது என்று, அலுவலகத்தின் சோதனை எடைக்கற்கள், ஒவ்வொன்றும் இருபது கிலோ, நாலை எழுதி வாங்கி, காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. இவர்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார். நாலாவது கல்லோடு இடுப்பும் பிடித்துக்கொண்டது. நாலையும் மெஷின் மேல் அடுக்கினேன். சரியாக எண்பது. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. இந்த இடத்தில் புத்தியுள்ள எவளும் நிறுத்தியிருப்பாள். நான் குறிப்புக் கட்டத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? "இரும்புக்கு உண்மை சொல்கிறது, மனுஷிக்குப் பொய் சொல்கிறது. மிக நுட்பமான மோசடி."

ஒரு வாரத்தில் எடை தானாக இறங்கியது. மெஷினிலிருந்து நானும் இறங்கினேன், ஆனால் கோபத்திலிருந்து இறங்கவில்லை. அடுத்த மாதம் அதே போல மறுபடி இரண்டு கிலோ ஏறியது. அன்று சனிக்கிழமை. முத்திரைப் பையை மாட்டிக்கொண்டு நேரே உங்கள் கடைக்கு வந்தேன். மற்றது உனக்குத் தெரியும். ஆனால் நீ உள்ளே இருந்தாய், நான் சொன்னது முழுக்க உன் காதில் விழுந்திருக்காது, ஆகவே என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். கடை நிறைய ஆள் இருக்கும்போது, "இந்தக் கடை மெஷின் நாளுக்கு ஒரு பேச்சுப் பேசுது, ஒண்ணையும் விக்கக் கூடாது" என்று சத்தமாகச் சொன்னேன். பன்னிரண்டு மெஷினை நாடா ஒட்டிக் கட்டி எடுத்துப் போனேன். ஒரு அம்மா கையில் எடுத்த இட்லிச் சட்டியைக்கூட, அதுவும் மோசடியோ என்று திரும்ப வைத்துவிட்டுப் போனார். அத்தான் ஒரு வார்த்தை திட்டவில்லை. "வேர்த்து ஊத்துதேம்மா, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். நான் குடிக்கவில்லை. தண்ணீருக்கும் எடை உண்டு என்று பயம்.

அலுவலகத்தில் சோதித்துப் பார்த்தால், பன்னிரண்டும் அப்பழுக்கில்லாத மெஷின்கள் அக்கா. ஒன்றில்கூடக் குறை இல்லை. நேரில் வந்து சொல்ல முகமில்லாமல் "சரியாக உள்ளன" என்று ஒற்றை வரி எழுதி வண்டியில் திருப்பி அனுப்பிவிட்டுத் தலைமறைவானேன். உன்னைக் கல்யாணம் பண்ணின நாளிலிருந்து என்னைத் தன் கூடப்பிறந்தவள் மாதிரி பார்த்த மனுஷனை நாலு பேர் முன்னால் திருடன் ஆக்கினேனே என்று நினைத்தால் இப்போதும் சோறு இறங்கவில்லை. (இறங்காததில் எடை குறையும் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். என் புத்தி அப்படி.)

போன மாதம் அலுவலகத்தில் வருடாந்திர உடல் பரிசோதனை. நர்ஸ் என் எடையை எழுதியதும், "உங்க மெஷினையும் நான் சோதிக்கணும்" என்று ஆரம்பித்து, நோட்டைக் காட்டி என் கதை முழுவதும் கொட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?" என்றாள். எனக்குக் கோபம். நான் மெஷினைப் பற்றிக் கேட்டால் இவள் எதைக் கேட்கிறாள்? இருந்தாலும் தேதியைச் சொன்னேன். அதற்கு முந்தியது? சொன்னேன். அவள் சிவப்புப் பேனாவால் என் நோட்டில் அந்தத் தேதிகளைச் சுழித்தாள். நான் "மோசடி", "நுட்பமான மோசடி", "கணவர் மேல் சந்தேகம்" என்று எழுதிய ஒவ்வொரு குறிப்பும் அந்தச் சுழிக்கு முந்தின மூன்று நாலு நாளில் வரிசையாக நின்றது.

"தேதி நெருங்கும்போது சில பேருக்கு உடம்புல தண்ணி தங்கும்மா. ஒண்ணு ரெண்டு கிலோகூட ஏறும். வந்த ரெண்டு மூணு நாள்ல இறங்கிடும். அது கொழுப்பு இல்ல. போன தடவை வந்த அஞ்சாம் நாளோட இந்தத் தடவை வந்த அஞ்சாம் நாளை ஒப்பிட்டுப் பாருங்க. நேத்தோட இன்னைக்கு ஒப்பிடாதீங்க."

ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றரை கிலோ குறைந்துதான் இருந்தேன்! பத்தொன்பது வருடம் ஊர்த் தராசுகளுக்கெல்லாம் முத்திரை குத்தினவள், பதிமூன்று வயதிலிருந்து மாதாமாதம் வருகிற ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. நோட்டில் ஐந்தாவது கட்டம் ஒன்று கோடு போட்டேன். "சுழற்சியில் எத்தனையாவது நாள்." இந்த மாதம் இருபத்தாறாம் நாள் காலையில் மெஷினில் ஏறி, "ஏறிடுச்சு, ஏறிடுச்சு!" என்று கத்தினேன். இவர் பாம்புதான் ஏறிவிட்டது என்று பிடித்துக்கொண்ட இடுப்போடு ஓடி வந்தார். அடுத்த சுழற்சியின் நாலாம் நாள் தானாக இறங்கியது. அன்றைக்கு வந்த அழுகை, அது சந்தோஷமா வெட்கமா என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, ஆள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, அதே சத்தத்தில், "இந்தக் கடை மெஷின் சுத்தமானது, தப்பு என் மேல்தான்" என்று சொல்லப்போகிறேன். அது உறுதி. ஆனால் காரணத்தை மட்டும் அத்தானிடம் சொல்லிவிடாதே தாயே. "இயற்கையான தொழில்நுட்பக் கோளாறு" என்று எதையாவது சொல்லி மூடிவிடு. அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆளுக்கு ரெண்டு முத்தம், உனக்கு நீ எந்த அளவுக்கு வாங்கிக்கொள்கிறாயோ அந்த அளவுக்கு அன்பு.

இப்படிக்கு,
முடி வளர்ந்துகொண்டிருக்கும்,
உன் தங்கை

பின்குறிப்பு: நேற்று இதை எழுதி அலுவலக மேசையில் வைத்துவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போனேன். தபால் பிரிவு அம்மா, 'கடை', 'மெஷின்', 'சோதனை' என்ற வார்த்தைகளைப் பார்த்து இதற்கு எண் போட்டு, விதிப்படி சம்பந்தப்பட்ட கடைக்காரருக்கு அன்றே ஆள் மூலம் நகல் அனுப்பிவிட்டார். இன்று காலையில் அத்தான் போனில் கூப்பிட்டார். "எல்லாப் பக்கமும் படிச்சேம்மா. பதினஞ்சு வருஷமா 'போன வாரம் சரியா காட்டுச்சு, இந்த வாரம் பொய் சொல்லுது'ன்னு பொம்பளைங்க மெஷினைத் திருப்பிக் கொண்டாந்துக்கிட்டே இருக்காங்க. ஏன்னு இப்பத்தான் புரிஞ்சுது. இனிமே ஒவ்வொரு மெஷினோடயும் ஒரு காலண்டர் குடுக்கப்போறேன்" என்றார். அதோடு விடவில்லை. "உங்க அக்காவும் நம்ம கடையில மூணு மெஷின் மாத்தியிருக்கா, தெரியுமா? நாலாவதைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா" என்றார். ஆகவே, மேலே நான் கேட்டிருக்கிற மன்னிப்பில் பாதியை உடனே அத்தானிடம் நீ கேட்கவும்.