கத்திரிக்கா பாய் சம்பந்தம் பேசப் போனது

ஆம்பூரில் எல்லோரும் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கேட்பார்கள். கத்திரிக்காய்க்குத் தொட்டுக்கொள்ளப் பிரியாணி கேட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்த்தவர். பெயர் கத்திரிக்கா பாய். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

கல்யாண வீட்டில் உட்கார்ந்தால், எண்ணெயும் புளிப்புமாக மின்னும் கத்திரிக்காயை முதலில் விரலால் அழுத்திப் பார்ப்பார், தோலைப் பார்ப்பது போலவே. தேறினால்தான் பிரியாணி. ஒருமுறை வேலூர் ஓட்டல் ஒன்றில் வெங்காயப் பச்சடி மட்டும் வைத்தார்கள். "இன்னாப்பா, மாப்பிள்ளை இல்லாம கல்யாணம் பண்றியா?" என்று சர்வரைக் கேட்டுவிட்டு எழுந்துவிட்டார். பசியோடு நானும் எழுந்தேன்.

அப்படிப்பட்டவரின் மகள் ஷபானா, சென்னையில் தன்னோடு வேலை செய்யும் திண்டுக்கல் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். பாய்க்குப் பையன் மேல் குறையில்லை. ஊர் மேல்தான்.

"அங்க தால்சா ஊத்துவானுங்கப்பா. கத்திரிக்காவ பருப்புல முக்கிச் சாவடிப்பானுங்க."

மாப்பிள்ளை வீடு பார்க்க வேனில் கிளம்பினோம். பாயின் மடியில் கத்திரிக்காய் நிரம்பிய எவர்சில்வர் தூக்கு. வழியெல்லாம் கீழே வைக்கவில்லை. அவர் சம்சாரம் என்னிடம், "அங்க போய் எதுனா பேசிடப் போறாரு, கொஞ்சம் பாத்துக்கோ தம்பி. பொண்ணு அழுதுனே இருக்கா" என்றார்.

மாப்பிள்ளை வீட்டில் சீரகச் சம்பா பிரியாணி வந்தது. பக்கத்தில் தால்சா. பாய் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்கலையா சம்பந்தி?" என்றார் பையனின் அப்பா.

எங்கள் கைகளெல்லாம் வாய்க்குப் பாதி வழியில் நின்றன. பாய் தால்சாவுக்குள் விரலை விட்டு, கிணற்றில் விழுந்தவனைத் தூக்குவது போல ஒரு கத்திரிக்காய்த் துண்டை வெளியே எடுத்தார். வாயில் போட்டு மென்றார்.

"நல்லா இருக்குங்க" என்றார். தட்டைக் காலி செய்தார். பிறகு தூக்கை நீட்டினார். "இது எங்க ஊர் கத்திரிக்கா. எம்பொண்ணு இது இல்லாம சாப்புட மாட்டா. நீங்களும் பழகிக்குங்க."

சம்பந்தம் முடிவானது. திரும்பும்போது மெதுவாகக் கேட்டேன்.

"இன்னா பாய், ஷபானாவுக்குத்தான் கத்திரிக்கான்னாலே ஆவாதே? ஒடம்பெல்லாம் அரிக்கும்னு தொடவே மாட்டாளே."

"துன்ன வேணாம்பா. தட்டு பக்கத்துல இருந்தா, நம்ம நெனப்பு வரும்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது வேலையை விட்டுவிட்டார். சம்பந்தி வீட்டில் வளரும் பேரனைப் பார்க்க அடிக்கடி திண்டுக்கல் போய்விடுகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாம்பார்தான். அவர் ஊரில் இல்லாதபோது பிரியாணி தின்ன எனக்கு மனசு வருவதில்லை.