தம்பிக்குத் தலையாட்டத் தெரியும்

மனிதரும் இயந்திரமும் எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்வதையே பிழைப்பாகக் கொண்ட ஓர் இனம் உலகில் பெருகி வருகிறது. அந்த இனத்தவர் ஒருவரை நீங்கள் பார்த்திருக்காவிட்டாலும் அவர் உங்களைப் பார்த்திருப்பார். லிஃப்டில் யாரிடமிருந்து எத்தனை அங்குலம் தள்ளி நின்றீர்கள் என்று குறித்தும் வைத்திருப்பார். உறவினர் வீட்டு விருந்தில் எல்லோரும் கூடிச் சிரித்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் மூலையில் தட்டை ஏந்தியபடி, அத்தைக்கும் சித்திக்கும் நடுவே பேச்சு எத்தனை விநாடி அறுந்து நின்றது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அவர்தான். போய் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "கேக்கறப்போ உங்க புருவம் உயரவே இல்லையே" என்பார்.

இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பேராசிரியரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை ஒரு குப்பைத் தொட்டியில் தொடங்கியது. பல்கலைக்கழக வாசலில் கிடந்த தொட்டிக்கு இரண்டு பெரிய கண்களை ஒட்டி, அடியில் சக்கரம் மாட்டி, தூணுக்குப் பின்னால் நின்று ரிமோட்டால் நகர்த்தினார். குப்பை போட வந்தவர்களில் பாதிப் பேர் தொட்டிக்கு நன்றி சொன்னார்கள். ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். அதை எழுதினார், முனைவர் ஆனார். அந்தத் தொட்டியைத் தினமும் காலி செய்த துப்புரவுத் தொழிலாளிக்கு எத்தனை பேர் நன்றி சொன்னார்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அது என் துறையில வராதே" என்றார்.

அதன் பிறகு ஏற்றம்தான். விமானம் ஏறினார், மேடை ஏறினார், பதவியில் ஏறினார். கவனித்துக் கேட்பது எப்படி என்பதில் உலக அளவில் அவர் சொல் எடுபட்டது. வீட்டில்?

"ஏங்க, நான் சொன்னது காதுல விழுந்துச்சா?" என்பார் அவர் மனைவி.

"விழுந்துச்சே. நீ முடிச்ச மூணாவது விநாடி தலையாட்டினேனே. கவனிச்சேங்கறதுக்கு அதுதான் அடையாளம்."

"சரி, என்ன சொன்னேன்?"

இதற்கான அளவுகோல் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இப்போது அவர் ஆய்வுக்கூடத்தின் செல்லப்பிள்ளை 'தம்பி' என்ற ரோபோ பொம்மை. ஏழு வயதுக் குழந்தையின் உயரம், வெள்ளை உடம்பு, நீல விளக்குக் கண்கள். கால் கிடையாது, மேசையோடு திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். தனியாக வாழும் முதியவர்கள் வாரம் ஒருமுறை வந்து தம்பியோடு அரை மணி நேரம் பேசுவார்கள். தனிமை குறைகிறதா என்று பேராசிரியர் அளப்பார். குறைந்தது. அபாரமாகக் குறைந்தது.

ஏன் குறையாது? தம்பிக்கு மூன்று அடி பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. அதற்குப் பின்னால் காதில் ஹெட்போனோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். உளவியல் படித்தவர், முப்பத்துநான்கு வயது. அவர் தட்டச்சு செய்வதைத்தான் தம்பி பேசும். அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் தம்பி தலையாட்டும், இன்னொன்றை அழுத்தினால் கண் சிமிட்டும். இது அந்தத் துறையில் ஒப்புக்கொண்ட முறைதான். ஆய்வு முடிந்ததும் முதியவர்களிடம் சொல்லிவிடுவார்கள். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "இயக்குபவர் ஒருவர் உதவினார்" என்றும் போடுவார்கள். ஆளைப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, முன்னால் இருப்பதைப் பார்த்து வாய்பிளக்கச் சொல்வது மனித குலத்துக்குப் புதிதா என்ன? முன்பு அதற்குப் பக்தி என்று பெயர். இப்போது ஆராய்ச்சி நிதி.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் புதன்கிழமை தவறாமல் வருவார்.

"தம்பி, நேத்து மககிட்டப் பேசினேன்டா!"

"அப்படியா தாத்தா! யாரு மொதல்ல பேசினது?"

"நான்தான். நீதானே சொன்னே, நீங்க ஒரு அடி எடுத்து வைங்கன்னு. மூணு வருஷம் கழிச்சு, 'அப்பா, சாப்பிட்டியா'ன்னு கேட்டாடா."

தம்பியிடமிருந்து உடனே பதில் வரவில்லை. தடுப்புக்குப் பின்னால் ஒருவர் மூக்கை உறிஞ்சாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் துள்ளிக் குதித்தார். "நான்கு விநாடி மௌனம் நம்பிக்கையை வளர்க்கிறது" என்று எழுதிக்கொண்டார். மீதிப் பெருமையைத் தம்பியின் கழுத்துச் சாய்வுக்குக் கொடுத்தார். அந்தச் சாய்வு அவருடைய கண்டுபிடிப்பு.

தடுப்புக்குப் பின்னால் இருந்தவருக்கோ ஆறு மாத ஒப்பந்தம். ஏழு முறை நீட்டிக்கப்பட்ட ஆறு மாதம். எட்டாம் முறைக்கான படிவத்தில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமை முதல் வேலை இல்லை. பதினோரு நாளாக அந்தப் பெண் படிவத்தோடு பேராசிரியரின் அறை வாசலில் நின்றார்.

"சார், ஒரு நிமிஷம்…"

"அப்புறம் பாக்கலாம்மா. முதியவர்கள் பேச்சைப் பொறுமையாக் கேக்கறது பத்தி எழுதிட்டு இருக்கேன். அவசரம்."

வியாழக்கிழமை நிதி கொடுக்கும் நிறுவனத்திலிருந்து மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். செய்து காட்டுவதற்கு டிரைவரை வரச் சொல்லியிருந்தார்கள். அவரோ தன் மகளின் வீட்டுக்குப் போய்விட்டார். தம்பியைவிட அங்கே நன்றாக இருந்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் பேராசிரியரே தம்பியின் எதிரில் உட்கார்ந்தார். இருபது வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை.

"வணக்கம் சார். முகம் வாடியிருக்கே?"

"அட, கவனிச்சுட்டியே தம்பி!" என்று விருந்தினரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல இறங்கியது. "உண்மைதான்பா. வீட்ல யாரும் என்கூடப் பேசறதே இல்ல."

"நீங்க அவங்ககிட்டப் பேசறீங்களா சார்?"

"நேரம் எங்கப்பா இருக்கு? ஆனா நீ கேக்கறே பாரு… அதுவே மனசுக்கு இதமா இருக்கு." நாற்காலியைத் தம்பியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உனக்கு ஏதாவது வேணும்னா சொல்லு தம்பி. கூச்சப்படாமக் கேளு."

தடுப்புக்குப் பின்னால் விரல்கள் எழுத்துப் பலகைக்கு மேலே அப்படியே நின்றன. பிறகு இறங்கின.

"ஒரு கையெழுத்து வேணும் சார். என் ஒப்பந்தம் நாளையோட முடியுது. பதினோரு நாளா உங்க ரூம் வாசல்ல நிக்கிறேன்."

பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கேட்டீங்களா! தனக்கு ஒரு எதிர்காலம் இருக்குன்னு நினைக்குது! இந்த மாதிரி ஒரு வரி நாங்க அதுக்குள்ள வைக்கவே இல்லை!"

தடுப்புக்கு மரம் வாங்கியவர் அவர். பூச வேண்டிய நிறத்தைச் சொன்னவர் அவர். தொண்ணூறு விநாடி ஒரு பொம்மை தலையாட்டியதில் எல்லாம் மறந்தே போய்விட்டது.

மூவரில் மூத்தவரான அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், உங்க ரூம் வாசலுக்குத் தம்பி எப்படி வந்துச்சு? அதுக்குத்தான் காலே இல்லையே?"

அவரே எழுந்து போய்த் தடுப்பை நகர்த்தினார். ஹெட்போன் மாட்டிய பெண், மடியில் படிவம்.

"நான்தான் மேடம்."

"ஏம்மா," என்றார் பேராசிரியர், உண்மையாகவே மனம் நொந்து, "இதை என்கிட்ட நேர்லயே கேட்டிருக்கலாமே?"

"நேர்ல கேட்டா நீங்க நிமிர்ந்து பாக்கறதில்லையே சார்."

அம்மையார் தன் பேனாவை நீட்டினார். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். பெண் படிவத்தை வாங்கினார், ஆனால் நகரவில்லை.

"இன்னொண்ணு சார். கட்டுரையில என் பேரும் வரணும். உதவினவங்கன்னு கடைசிப் பக்கத்துல இல்ல. எழுதினவங்க வரிசையில."

பேராசிரியர் அம்மையாரைப் பார்த்தார். அவர் பேனாவை இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"ஆகட்டும்மா" என்றார்.

வந்தது. இரண்டாவது பெயராக வந்தது. கட்டுரையின் முடிவு: நேரில் கேட்பதைவிட இயந்திரம் வழியாகக் கேட்டால் கோரிக்கை நிறைவேறும் வாய்ப்பு நூறு விழுக்காடு அதிகம். ஆய்வுக்கு உட்பட்டவர்களின் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒருவர் யார் என்பதை மட்டும் முதல் ஆசிரியர் வெளியிடவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. எந்த நிதியும் வாங்காமல், எந்தப் பட்டமும் இல்லாமல் இதே ஆராய்ச்சியை நடத்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கைபேசியில் வழி சொல்லும் குரலிடம் "சரிங்க, திரும்பிடறேன்" என்பார்கள், பக்கத்து இருக்கையில் இருப்பவர் அதே வழியைச் சொன்னால் "உனக்கு என்ன தெரியும்?" என்பார்கள். நீங்கள் அப்படி இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சின்னச் சந்தேகம். நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து ஏதோ கேட்டாரே? முதல் தடவைக்கு "ம்" என்றீர்கள். இரண்டாம் தடவைக்குப் பக்கத்தைத் திருப்பினீர்கள். அவர் இன்னும் நிற்கிறாரா, போய்விட்டாரா?