சமையலறையில் குதித்த மனிதர்

மனைவி தொலைபேசியில் கேட்டுக்கொண்டதற்காக, ஐம்பத்தொன்பது வயது நோர்மன் சமையலறை நடுவில் நின்று குதித்தார். அலமாரியில் இருந்த கோப்பைகள் கடகடவென்று ஆடின.

"குதிச்சிட்டேன்," என்றார், மூச்சு வாங்க.

"கேட்டுச்சு," என்றாள் டோரீன். "இப்படித் துள்ளுற தரைல டைல்ஸ் ஒட்டினா ஒரே வாரத்துல விரிசல் விட்டுடும். முதல்ல மரத்தைக் கெட்டிப்படுத்து, நோர்மன். அவசரமே இல்ல."

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் அந்தத் தெரு வீடுகளுக்கெல்லாம் பலகைத் தரைதான். பலகைக்கு அடியில் உத்திரம், உத்திரத்துக்கு அடியில் வெறும் காற்று. சமையலறையில் அந்தப் பலகைமேல் டைல்ஸ் போடப்போவதாக நோர்மன் பன்னிரண்டு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதோடு சரி. செப்டம்பரில் ஒருநாள் டோரீன் பெட்டியை எடுத்தாள். சண்டை, கூச்சல் எதுவும் இல்லை. அந்த ஊரில் அதெல்லாம் பழக்கமில்லை. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, "டைல்ஸ் போட்டு முடி, அப்புறம் வர்றேன்," என்று சொல்லி, விட்பியில் இருக்கும் அக்கா மேவிஸ் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் இல்லாத வீட்டில் நோர்மனுக்கு வானொலி கேட்கக்கூடப் பிடிக்கவில்லை. எப்படியாவது அவளைத் திரும்ப அழைத்து வந்துவிட வேண்டும். அதனால்தான் குதித்தார்.

அடுத்த ஞாயிறு தொலைபேசியில் டோரீன் கேட்டாள்: "உத்திரத்துக்கு நடுவுல குறுக்குக்கட்டை இருக்கா?"

"தெரியலையே."

"பலகையை எடுத்துப் பாரேன்."

எடுத்தார். நாலு பலகை முழுதாக வந்தது, ஒன்பது பலகை பிளந்து வந்தது. குறுக்குக்கட்டை ஒன்றுகூட இல்லை. வாரம் முழுக்க அறுத்து அறுத்து அடித்தார். கடைசிக் கட்டையை அடிக்கும்போது கால் வழுக்கி, இடுப்புவரை தரைக்குள் போய் நின்றார். தற்செயலாகப் பின்பக்கம் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு வினிஃப்ரெட், ஜன்னல் வழியாகத் தேநீரை நீட்டினாள்.

"உள்ள நிக்கிறது வசதியா இருக்கா, நோர்மன்?"

"பரவாயில்ல. சர்க்கரை ரெண்டு."

அதற்கடுத்த ஞாயிறு டோரீன் யோசனையோடு பேசினாள். "உத்திரத்தோட முனை செவுத்துக்குள்ள போகுதில்ல? அங்கதான் ஈரம் ஏறி உளுத்துப்போகுமாம். திருப்புளியால குத்திப் பாரு."

குத்தினார். திருப்புளி பிடிவரை உள்ளே போயிற்று. இரண்டு உத்திரங்கள் அப்படி. உளுத்ததை அறுத்தெடுத்துவிட்டு, பக்கத்தில் புது உத்திரம் வைத்து போல்ட்டால் முறுக்கினார். அதற்காக அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் முன்னறைக்குப் போயின. குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, டப்பா பீன்ஸைச் சூடாக்காமல் ரொட்டியில் கொட்டித் தின்றார்.

பிறகு பலகைக்கு மேலே பிளைவுட். தரை ஓர் அங்குலம் உயர்ந்தது. உள்ளே திறக்கும் பின்கதவு அசையவில்லை. கதவைக் கழற்றி அடிப்பக்கத்தை அறுத்தார். அவசரத்தில் மூன்று அங்குலம் போய்விட்டது. இப்போது கதவு திறந்தது. நவம்பர் காற்றும் பக்கத்து வீட்டுப் பூனையும் கதவைத் திறக்காமலே உள்ளே வந்தன.

"பிளைவுட்ல எத்தனை அங்குலத்துக்கு ஒரு திருகு போட்ட?" என்றாள் டோரீன்.

"பன்னிரண்டு."

"ஆறு அங்குலத்துக்கு ஒண்ணு போடணும், நோர்மன். நிதானமாப் பண்ணு."

இன்னும் இருநூறு திருகுகள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது. அதைப் பார்த்த வினிஃப்ரெட், "உன் பொண்டாட்டிக்குத் தரை மேல இவ்வளவு அக்கறையா?" என்று கேட்டாள்.

"முப்பத்தோரு வருஷத்துல என்கிட்ட அவ இவ்வளவு பேசினதே இல்ல," என்றார் நோர்மன், வெட்கத்தோடு.

உண்மைதான். எப்போதும் 'தேநீர் வேணுமா', 'மழை வருமா' என்பதோடு பேச்சு முடிந்துவிடும் குடும்பம் அது. இப்போது ஞாயிறு மாலையானால் முகச்சவரம் செய்துகொண்டு தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்தார். உத்திரம், திருகு, ஈரம் என்று அவள் கேட்கக் கேட்க, அவருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆனதுபோல் இருந்தது. இத்தனை வருடம் இவளோடு இப்படிப் பேசாமல் போனோமே என்று வருத்தமாகவும் இருந்தது.

அதனால் அவளுக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்தார். இந்தமுறை அடுத்த ஞாயிறுக்காகக் காத்திருக்கவில்லை. மூன்றே நாளில் டைல்ஸ் முழுவதையும் ஒட்டினார். காய்ந்ததும் விளிம்புவரை தேநீர் ஊற்றிய கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் ஓங்கி மிதித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. வியாழக்கிழமை காலை விட்பிக்குத் தொலைபேசி செய்தார். டோரீன் கடைக்குப் போயிருந்தாள், மேவிஸ்தான் எடுத்தாள்.

"தரை முடிஞ்சிருச்சு, மேவிஸ். ஒரு டைல்கூட விரிசல் விடல. சனிக்கிழமை நானே வந்து அவளைக் கூட்டிட்டு வர்றேன்."



"முடிச்சிட்டியா?" என்றாள் மேவிஸ். "முழுசாவா?"

"முழுசா. ஏன், அவ சந்தோஷப்பட மாட்டாளா?"

"பாவி மனுஷா, உன்னை விட்டுப் போறேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம, நீ முடிச்சிடக் கூடாதேன்னு வாராவாரம் நூலகத்துல தச்சுவேலைப் புத்தகமா எடுத்துப் படிச்சு, உனக்கு அடுத்த வேலை தேடிக்கிட்டிருந்தா அவ."