கை படாத ஆய்வுக்கூடம்

மனிதர்களில் பத்திரக்காரர் என்று ஓர் இனம் உண்டு. புதுச் சாமான் எது வந்தாலும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று இவர்களுக்குத் தோன்றாது; எங்கே பூட்டி வைப்பது என்றுதான் தோன்றும். சாதாரணமாக இவர்கள் வீட்டோடு நின்றுவிடுவார்கள். இந்த இனத்தில் ஒருவர் அரசுப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வாய்த்துவிட்டால் என்ன ஆகும், தெரியுமா?

நம்மவர் பள்ளிக்கு அரசாங்கம் தாராளமாகப் பணம் போட்டுப் புது அறிவியல் ஆய்வுக்கூடம் கட்டிக்கொடுத்தது. மைக்ராஸ்கோப்புகள் வந்தன. அவற்றுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, உறை அழுக்காகாமலிருக்க அதன்மேல் துணி போர்த்தி, துணியில் தூசு படியாமலிருக்க ஜன்னல்களைச் சாத்தி, கதவில் ஒரு பூட்டையும் தொங்கவிட்டார். தினமும் காலையில் அதை இழுத்துப் பார்ப்பார். மனசு குளிர்ந்துவிடும்.

அறிவியல் டீச்சர் பாவம், பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்தி ஜன்னல் கண்ணாடி வழியாகப் பாடம் நடத்தினார். “அதோ, பச்சைத் துணிக்கு அடியில முட்டிக்கிட்டு நிக்குது பாருங்க, அதுதான் மைக்ராஸ்கோப்.”

“சார், போன வருஷப் பசங்க ஜன்னலைப் பாத்துட்டே போயிட்டாங்க. இவங்களுக்கும் இதுதான் கடைசி வருஷம். ஒரு தடவையாவது தொறங்க சார்.”

“பசங்க வருவாங்க, போவாங்க டீச்சர். சாமான் போனா வருமா?”

கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் படித்த காலத்தில் மைக்ராஸ்கோப் என்றால் கரும்பலகையில் வரைந்த படம்தான். மணி அடித்ததும் அதையும் அழித்துவிடுவார்கள். இல்லாமல் வளர்ந்தவருக்கு, வந்தது போய்விடுமோ என்று ஓயாத பயம். நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

ஒருநாள் கல்வி அதிகாரியம்மா வந்தார். போட்ட பணத்துக்குப் பலன் உண்டா என்று பார்த்துத்தான் அடுத்த வருடத்துக்கு ஒதுக்குவார்களாம்.

“பசங்க உபயோகிக்கிறாங்களா சார்?”

“ஒரு கீறல் இல்லீங்க மேடம்!”

“தொறங்க, பாக்கலாம்.”

அப்போதுதான் தெரிந்தது, சாவி இல்லை. மேஜை இழுப்பறையைக் கவிழ்த்தார். சட்டைப்பையை இரண்டு தரம் துழாவினார். கடைசியில் வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஆய்வுக்கூடத்துச் சாவி எங்கன்னு தெரியுமா?”

“எங்கிட்ட சொன்னா பத்திரமா இருக்காதுன்னுதானே நீங்க சொல்லல!” என்றார் மனைவி.

வேறு வழியில்லாமல் காவலாளி சுத்தியலால் பூட்டை உடைத்தார். ஒவ்வோர் அடியும் தலைமையாசிரியரின் நெஞ்சில் விழுந்தது. பிள்ளைகள் திபுதிபுவென்று உள்ளே நுழைந்தார்கள். டீச்சர் முதல் உறையை உருவியதும், மைக்ராஸ்கோப்பின் காலடியில் என்னவோ பளபளத்தது. சாவி! இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று உள்ளே வைத்து, அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும் அந்தப் பூட்டை மனிதர் வெளியே நின்று அமுக்கியிருக்கிறார்.

டீச்சர் லென்ஸுக்கு அடியில் வெங்காயத் தோலை வைத்தார். ஒரு பெண் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். “ஐயோ சார், செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு! நீங்களும் வந்து பாருங்க!”

குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “படிக்கிறப்ப போர்டைப் பாத்து நான் வரைஞ்ச மாதிரியே இருக்கும்மா,” என்றார். டீச்சருக்கு நம்பிக்கை வந்தது.

“அடுத்த வருஷத்துக்கு என்ன சார் வேணும்?” அதிகாரியம்மா சிரித்தபடி கேட்டார்.

கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இதையெல்லாம் உள்ள வெக்க ஒரு நல்ல இரும்பு பீரோ மேடம்.”

டீச்சர் அந்த உறையைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் மகள் சின்ன வயதில் ஆசையாகக் கேட்டாளே, ஒரு கலர் பென்சில் பெட்டி. வாங்கியும் வந்தீர்கள். “உடைச்சிடுவே, பெரியவளானதும் தர்றேன்” என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தீர்கள். போய்ப் பாருங்கள், பத்திரமாகத்தான் இருக்கும். அவள்தான் வேலைக்குப் போய்விட்டாள்.