தொடப்படா காக்கா விட்ட சொல்

கல்முனைக்குடியில் அவரளவு தலைக்கனம் பிடித்த எழுத்தாளர் முன்னும் பிறக்கவில்லை, இனிப் பிறந்தாலும் ஊர் தாங்காது. எழுதியதில் ஓர் எழுத்தை மாற்றினாலும் "தொடப்படா!" என்று கத்துவார். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்; அதனால் அவர் எங்களுக்குத் தொடப்படா காக்கா. அவருடைய புத்தகங்களுக்கு அச்சுப்பிழை திருத்திய பாவி நான்.

அவர் எழுதிய 'ஆகவே'யைக் கொழும்புப் பத்திரிகையொன்று 'எனவே' ஆக்கிவிட்டது. காக்கா பஸ் ஏறிப் போய், "எங்கட 'ஆகவே'ய எங்க வெச்சிரிக்கீங்க?" என்று ஆசிரியரின் மேசை முன் குந்திவிட்டார். சொந்த வாப்பாவின் மரண அறிவித்தலைப் பள்ளிவாசலில் வாசித்தவரையும் விடவில்லை. "வபாத்தானார்கள் இல்ல, வபாத்தானார். போனது ஒரு ஆள்தானே!"

அவருக்குப் புகழ் தந்தது, சீதன வீடில்லாமல் கலியாணம் தட்டிப்போன ஒரு குமர்ப் பெண்ணின் கதை. வாசித்து நானும் அழுதிருக்கிறேன்.

சாவதற்கு முந்திய மாதம் வஸிய்யத்து என்ற உயிலை எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'மைத்துனி றசீனாவுக்கென்று அவர் வாப்பா கட்டிய வீட்டை, நான் சீதனமாகக் கேட்டு வாங்கினேன். அதை அவருக்குக் கொடுக்கிறேன்.'

கதையில் வந்த குமர், நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் இந்த றசீனாதான். அதே வீட்டின் குசினி அடுப்போரத்தில் நாற்பது வருடமாகப் பாய் விரித்துப் படுப்பவர். ஊரை அழவைத்த மனிதர், அவரை வைத்தே பெயர் வாங்கியிருக்கிறார். 'திருப்பிக் கொடுக்கிறேன்' என்றல்லவா வரவேண்டும் என்று எனக்குப் பட்டது. ஆனால் யார் வாய் திறப்பது? கையெழுத்து வைத்தேன்.

அவர் மௌத்தான பிறகு, மார்க்கம் படித்த மௌலவி அந்தத் தாளை வாசித்துப் பார்த்தார்.

"இது அவட சொத்து, திருப்பிக் குடுக்கன் எண்டு எழுதியிருந்தா முழுசும் அவக்கு. சும்மா குடுக்கன் எண்டா வஸிய்யத்து. அவருக்கு இந்த வீட்ட விட்டா வேற சொத்தில்ல, மார்க்கப்படி அதுல மூணுல ஒண்டுதான். புள்ளையள் சம்மதிச்சா முழுசும் குடுக்கலாம்."

காக்காவின் இரண்டு மகன்மாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அது ஓடவும் இல்லை.

ராத்தாவுக்குக் கிடைத்த மூன்றிலொரு பங்கு, குசினியும் அதன் விறாந்தையும். அவர் ஏற்கனவே படுத்த இடம்.

"ராத்தா, அந்தச் சொல் இல்லாதத நான் அண்டைக்கே கண்டன். பயத்துல சொல்லல்ல" என்றேன்.

"நல்லம் தம்பி. சொல்லியிருந்தா முழுத்தாளையும் கிழிச்சிருப்பார்" என்று சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

காக்காவை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. போன கிழமை அந்தக் கதை மறுபதிப்புக்காக என்னிடம் வந்தது. ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை.