மெத்தை டீச்சரும் மூணு சீட் சோபாவும்

மெத்தைக்கும் சோபாவுக்கும் உயிர் இருந்து, அதுகளுக்குக் கெட்ட கனவும் வரும்னா, அந்தக் கனவுல வர்ற ஆள் எங்க மெத்தை டீச்சராத்தான் இருக்கணும். இதுல எனக்குச் சந்தேகமே கிடையாது.

திருநகர்ல எங்க வீட்டுக்கு நேர் எதிர் வீடு. மிஷன் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. ஞானஸ்நானத்துல வச்ச பேர் ஒண்ணு இருக்கு, ஆனா அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். தபால்காரர்கூட "மெத்தை டீச்சர் வீட்டுல ஆள் இருக்காங்களாண்ணே?"னுதான் என்கிட்டே கேப்பாரு. வீட்டுக்காரர் தவறி வருஷமாச்சு. வீட்டுல டீச்சரும் மக பியூலாவும்தான்.

பள்ளிக்கூடத்துல பிள்ளைகளை அடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சுல்ல, அப்ப மத்த டீச்சருங்க எல்லாம் பிரம்பைத் தூக்கிப் போட்டுட்டாங்க. இவங்க மட்டும் பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டாங்க. ஏன் டீச்சர்னு கேட்டா, "பிள்ளைகளைத்தான் தம்பி அடிக்கக் கூடாது. மெத்தையை அடிக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"ன்னாங்க. எழுதலைதான். என்னத்தைச் சொல்ல!

சனிக்கிழமை காலையில வெயில் ஏறினதும் டீச்சர் வீட்டு மொட்டை மாடியில ஆரம்பிச்சுரும். டொப்பு, டொப்பு, டொப்பு! புதுசாக் குடிவந்த ஒருத்தர் பதறிப்போய், "சார், எதிர் வீட்டுல யாரையோ போட்டு அடிக்கிறாங்க, போலீசுக்குச் சொல்லலாமா?"ன்னு என் வீட்டுக் கதவைத் தட்டினாரு. "மெத்தையைத்தான் அடிக்கிறாங்க. நீங்க போய் உங்க மெத்தையை ஒளிச்சு வைங்க"ன்னேன். மனுசன் சிரிச்சாரு. மறுவாரமே அவர் மெத்தையும் அடி வாங்குச்சு.

ஆமா, டீச்சருக்குத் தன் வீடு, அடுத்த வீடுங்கிற வித்தியாசமெல்லாம் கிடையாது. எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தப்ப, குடிக்கத் தண்ணி குடுத்தோம், குடிச்சாங்க. அப்புறம் நேரா படுக்கையறைக்குள்ள போய் மெத்தையோட ஒரு மூலையைத் தூக்கிப் பாத்தாங்க.

"இது எப்ப வாங்குனது தம்பி?"

"கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் குடுத்தது டீச்சர்."

"அதுக்கப்புறம் ஒரு தடவையாவது புரட்டிப் போட்டீங்களா?"

"மெத்தையை எதுக்கு டீச்சர் புரட்டணும்? அது என்ன தோசையா?"

என் பொண்டாட்டி ரேவதி என் கையைக் கிள்ளினா. டீச்சர் என்னை ஒரு பார்வை பாத்தாங்க. எட்டாங்கிளாஸ்ல பெருக்கல் வாய்ப்பாடு தெரியாம முழிச்ச மாதிரி ஆயிருச்சு எனக்கு. "தலைமாடு கால்மாடு மாத்திப் போடணும், மேல்பக்கம் கீழ்பக்கம் திருப்பிப் போடணும். இல்லைன்னா நீங்க படுக்கிற இடம் மட்டும் குழி விழும். குழியில படுத்துக்கிட்டு இடுப்பு வலிக்குதுன்னு டாக்டர்கிட்டே போவீங்க"ன்னாங்க. அதுக்கு முந்தின நாள்தான் நான் போயிட்டு வந்திருந்தேன்.

அதோட விட்டாங்களா? கூடத்துக்கு வந்து சோபாவைப் பாத்தாங்க. எங்க வீட்டு சோபா எதுக்கு இருந்துச்சுன்னா, துவைச்ச துணியைக் குவிக்கிறதுக்கு. மனுசங்க தரையிலதான் உக்காருவோம். டீச்சர் துணிக்குவியலைத் தள்ளிட்டு, மெத்தைத் திண்டை உருவி, இடுக்குல கையை விட்டாங்க. அரை முறுக்கு வந்துச்சு, சீப்பு வந்துச்சு, டிவி ரிமோட்டோட மூடி வந்துச்சு. வேலைக்கு வர்ற அக்கா மேல சந்தேகப்பட்டு ரேவதி மாசக்கணக்கா முகம் குடுத்துப் பேசாம இருந்த கம்மல் திருகாணி வந்துச்சு. அப்புறம் ஜன்னலைத் திறந்து வெயில் விழுற இடத்துல திண்டை வச்சு ஒரே ஒரு அடி. அடேயப்பா! அந்தத் தூசியில எதிர்ல நின்ன ரேவதியே மறைஞ்சு போயிட்டா.

"இதைத்தான் தம்பி தினமும் மூக்குல இழுக்குறீங்க."

சும்மா சொல்லக்கூடாது, வருஷக்கணக்கா காலையில எந்திரிச்சதும் எனக்கு வந்துக்கிட்டிருந்த அடுக்குத் தும்மல் அந்த மாசத்தோட நின்னு போச்சு.

கறைன்னு வந்துட்டா டீச்சர் இன்னும் கெடுபிடி. பக்கத்து வீட்டுப் பிள்ளை மெத்தையில ஒண்ணுக்குப் போயிருச்சுன்னு அதோட அம்மா ஈரத்துணியை வச்சுப் பரபரன்னு தேய்க்க, ரோட்டுல போன டீச்சர் எப்படித்தான் மோப்பம் பிடிச்சாங்களோ, உள்ள பாஞ்சு வந்து "தேய்க்காதே! ஒத்து! ஒத்தி எடு!"ன்னு போட்ட சத்தத்துல அழுதுக்கிட்டிருந்த பிள்ளை வாயை மூடிருச்சு. காய்ஞ்ச துணியால ஒத்தி ஈரத்தை எடுத்து, ஆப்ப சோடாவைத் தூவி, வெயில்ல போட்டு, சாயங்காலம் தட்டி எடுத்தா கறையும் இல்லை வாடையும் இல்லை. அதுல இருந்து எங்க தெருவுக்கே அது மந்திரம் ஆயிருச்சு. ஒரு கல்யாணத்துக்குத் திருமங்கலம் போயிருந்தோம். பந்தியில யாரோ ஒரு பெரிய மனுசர் வேட்டியில பாயாசம் கொட்டிருச்சு. அவர் தேய்க்கப் போக, எங்க தெருக்காரங்க அம்புட்டு பேரும் இலையை விட்டு எந்திரிச்சு "தேய்க்காதீங்க, ஒத்துங்க!"ன்னு கத்தினோம். மனுசன் மிரண்டு போயி மிச்சப் பாயாசத்தையும் கொட்டிக்கிட்டாரு.

ஊர் சோபாவுக்கே இந்தப் பாடுன்னா, டீச்சரோட சொந்த சோபா எப்படி இருக்கும்? பச்சைக் கலர்ல மூணு சீட் சோபா. கடையில இருந்து வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். அதுக்குக் காரணம், டீச்சர் வச்சிருந்த ஒரு சட்டம். ஒரே சீட்டுல ஒருத்தரே ரொம்ப நேரம் உக்காந்தா அந்த இடம் மட்டும் அமுங்கிருமாம். அதனால செல்போன்ல பள்ளிக்கூட மணி மாதிரி ஒரு அலாரம் வச்சிருப்பாங்க. மணி அடிச்சா, உக்காந்திருக்கிறவங்க எந்திரிச்சு ஒரு சீட் தள்ளி உக்காரணும். பீரியட் மாறுற மாதிரி. எங்களுக்கெல்லாம் பழகிப் போச்சு. முக்கியமான சேதியைப் பேசிக்கிட்டே நகந்துக்குவோம்.

இப்படி இருக்கையில பியூலாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்துச்சு. பேங்குல கூட வேலை பாக்குற பையன், முத்துப்பாண்டி. அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். ரெண்டு பேரும் பிரியப்பட்டுட்டாங்க. இவங்க கிறிஸ்தவங்க, அவங்க இந்து. பெரிய ரகளை வரப்போகுதுன்னு தெருவே காதைத் தீட்டிக்கிட்டு இருந்துச்சு. டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. சரி, பஞ்சாயத்துக்குத்தான்னு போனேன்.

"சர்ச்ல ஒண்ணு, அவங்க கோயில்ல ஒண்ணுன்னு பிள்ளைகளே பேசி முடிச்சுருச்சுக தம்பி. அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லை."

"அப்புறம் என்ன டீச்சர் கவலை?"

"ஆளுக தலைக்கு எண்ணெய் வைப்பாங்களாமா? வைப்பாங்கன்னா எம்புட்டு வைப்பாங்க?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. பியூலாவுக்கு மட்டும் சிரிப்பு வரலை. வாசல் வரைக்கும் கூடவே வந்து, "அண்ணே, அவங்க அப்பா ரொம்பக் கண்டிப்பு. இந்த ஒரு தடவைதான் வருவேன்னு சொல்லியிருக்காரு. அம்மா ஏதாச்சும் சொல்லிக் கெடுத்துருச்சுன்னா அவ்வளவுதான். நீங்களும் அக்காவும் கூட இருங்கண்ணே"ன்னுச்சு. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு.

ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்ததும் பியூலா முதல் வேலையா அம்மாவோட செல்போனைப் பிடுங்கி அணைச்சு, அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடிருச்சு. டீச்சரும் "நான் வாயைத் திறக்க மாட்டேண்டி"ன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாங்க. வேன்ல வந்து இறங்கினாங்க. மாப்பிள்ளையோட அப்பா, அம்மா, தாய்மாமன், முத்துப்பாண்டி. கையில பழம், பூ, வெத்தலைன்னு தட்டு. மூணு பெரியவங்களும் சோபாவுல உக்காந்தாங்க, நடுவுல அப்பா. ஆள் தேக்கு மரம் மாதிரி இருந்தாரு. தலையில எண்ணெய் வழிஞ்சு காதோரம் மினுமினுன்னுச்சு. டீச்சர் சோபா முதுகுல ஏற்கெனவே துண்டு விரிச்சு வச்சிருந்தாங்க. அப்படியும் அந்தத் தலை பின்னாடி சாயும்போதெல்லாம் டீச்சருக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சு.

ஆனா வாயைத் திறக்கலையே! காப்பி ஆச்சு, காராச்சேவு ஆச்சு, பேச்சு நல்லா ஓடுச்சு. "டீச்சரம்மா, பிள்ளையை நல்லா வளத்திருக்கீங்க. எங்களுக்கு முழுச் சம்மதம். தட்டை மாத்திருவோமா?"ன்னு பெரியவர் கேக்குற நேரம்.

வாழ்நாள் முழுக்கப் பீரியட் பீரியடாப் பாடம் நடத்தின உடம்புங்க அது. அதுக்கு அலாரம் எதுக்கு? டீச்சர் பாட்டுக்கு எந்திரிச்சு, ரொம்பப் பிரியமா, "ஆகட்டும் அண்ணே. கொஞ்சம் எந்திரிச்சு அந்த ஓரத்துக்குப் போயிருங்க"ன்னுட்டாங்க.

நானும் ரேவதியும் பழக்கதோஷத்துல, பிளாஸ்டிக் நாற்காலியில இருந்து எந்திரிச்சு ஒரு நாற்காலி தள்ளி உக்காந்துட்டோம்.

மத்தவங்க யாரும் அசையலை. பெரியவர் முகம் கறுத்துப் போச்சு. முத்துப்பாண்டி என் காதுல, "அண்ணே, எங்க வழக்கத்துல தட்டு மாத்துற வரைக்கும் உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கப்படாது. எந்திரிக்கச் சொன்னா பொண்ணு தரமாட்டோம்னு அர்த்தம்"னான். ஆத்தாடி! அதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

பெரியவர் எந்திரிச்சாரு. "இம்புட்டு வயசுக்கு ஒருத்தரும் என்னை எந்திரின்னு சொன்னதில்லை. எந்திரிச்ச வீட்டுக்குள்ள திரும்ப நுழையிற பழக்கமும் எனக்கு இல்லை. வாரேன் டீச்சரம்மா." தட்டைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் வெளிய போயிட்டாங்க. போய் என்ன பண்ண? வேன் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். பெரியவர் தெருவோர வேப்ப மரத்தடியில போய் நின்னாரு. ரேவதி நாற்காலி எடுத்துட்டு ஓடினா. "வேணாந்தாயி, நிக்கிறேன்"ன்னுட்டாரு. நான் போய் விளக்கம் சொன்னேன். "சோபா அமுங்கிரும்னு மனுசனை எந்திரிக்கச் சொல்வாகளா? யாருக்கு மாப்ள காது குத்துறீரு?"ன்னாரு. சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரிதான் இருந்துச்சு.

உள்ள பியூலா அழலை. அடுப்படியில கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டிருந்துச்சு. அந்தத் தண்ணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே டீச்சர் கூடத்துல நின்னாங்க. அப்புறம் சேலையை இழுத்துச் சொருகினாங்க.

"தம்பி, அந்தப் பக்கம் பிடிங்க."

"எதை டீச்சர்?"

"சோபாவைத்தான். பிடிங்கன்னா பிடிங்க!"

நானும் சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு பக்கம், டீச்சரும் ரேவதியும் ஒரு பக்கம். நிலைப்படியில இடிச்சுச்சு. கேட்டுல சிக்கிக்கிச்சு. சாய்ச்சு இழுத்ததுல சோபாக் கால் ஒண்ணு கம்பியில சர்ருன்னு உரசிக் கீறிருச்சு. டீச்சர் திரும்பிக்கூடப் பாக்கலை. தெருப் புழுதியில, வேப்பங்கொட்டையும் காக்கா எச்சமும் கிடக்குற மரத்தடியில, அந்தப் பச்சை சோபாவைக் கொண்டுபோய் இறக்கினோம். டீச்சர் முதுகுல விரிச்சிருந்த துண்டையும் உருவி எடுத்துட்டாங்க.

"அண்ணே, வீட்டுக்குள்ள வரமாட்டேன்னு சொன்னீங்க. இது தெருதானே, உக்காருங்க. இனிமே உங்களை ஒருத்தரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்க."

"என்ன டீச்சரம்மா இது, நடுத்தெருவுல..."

"எம் மக முதச் சம்பளத்துல எனக்கு வாங்கிப் போட்டதுண்ணே. நீ உக்காரும்மான்னு வாங்கிக் குடுத்துச்சு. தேஞ்சு போயிருமோன்னு பயந்து பயந்தே பொத்தி வச்சுட்டேன். அவ வாழ்க்கையைவிட இது பெருசா எனக்கு?"

பெரியவர் தோள்ல கிடந்த துண்டை எடுத்து, உக்காரப்போற மனுசன், தன் வேட்டியில ஒட்டியிருந்த புழுதியைத் தட்ட ஆரம்பிச்சாரு.

"தட்டாதீங்கண்ணே. அப்படியே உக்காருங்க."

உக்காந்தாரு. பியூலா கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு ஓடி வந்துச்சு. தெருவே சுத்தி நிக்க, ஷேர் ஆட்டோக்காரன் வண்டியை ஓரங்கட்டிட்டு வேடிக்கை பாக்க, மரத்தடியிலேயே தட்டு மாத்தினாங்க. மாத்தி முடிச்சதும் பெரியவர் குறும்பா, "இப்பவாச்சும் எந்திரிக்கலாமா சம்பந்தி?"ன்னாரு.

"என்ன அவசரம்? நல்லாச் சாஞ்சு உக்காருங்க"ன்னாங்க டீச்சர்.

அவரும் சாஞ்சாரு, எண்ணெய்த் தலையோட. ரேவதி கண்ணை மூடிக்கிட்டா. எனக்கு அந்த நிமிஷம் டீச்சரை அம்புட்டுப் பிடிச்சுப் போச்சு. இத்தனை வருஷம் அவங்க மேல பயம்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தது பூராவும் பிரியம்தான் போல.

வேன் கிளம்பிப் போச்சு. கூட்டமும் கலைஞ்சுச்சு. சோபாவை உள்ள தூக்கிப் போட்டுரலாம்னு நானும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தோம். டீச்சரும் பியூலாவும் அதுல உக்காந்திருந்தாங்க. மூணு சீட் இருந்தும் ரெண்டு பேரும் ஒரே சீட்டுல நெருக்கியடிச்சு, தாய் தோள்ல மக தலையைச் சாச்சு, உக்காந்திருந்தாங்க. அந்த சீட் நல்லா அமுங்கிக் கிடந்துச்சு.

எந்திரிங்கன்னு சொல்ல எங்க ரெண்டு பேருக்கும் மனசு வரலை.