பனியன் கம்பெனி டாக்டரம்மா

காய்ச்சல் என்று வந்தவர்களுக்கு மாத்திரை கொடுக்காமல், "நீங்க காய்ச்சல்னு சொல்லுவீங்களா, ஜொரம்னு சொல்லுவீங்களா? ஊடு எந்தப் பக்கமுங்க?" என்று விசாரித்து, நோட்டில் எழுதிக்கொண்டு அனுப்பிவைத்த டாக்டர் திருப்பூரில் ஒருவர்தான். எங்கள் டாக்டரம்மா.

அவர் வைத்தியம் படித்தவர் இல்லை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவர், பல்லடத்துக்காரர். கௌரவ விரிவுரையாளர் வேலை போனதும், நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு வந்து, செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்ப்பது, பிசிறு வெட்டுவது, ஓட்டை இருந்தால் ஒதுக்குவது எங்கள் வேலை. அவருக்கு ஒரு கண் பனியனில் இருந்தால் இன்னொரு கண் எங்கள் வாயில் இருக்கும். யாராவது புதிதாக ஒரு சொல்லை விட்டால் போச்சு. கத்தரியை வைத்துவிட்டு நோட்டை எடுத்துவிடுவார். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்.

எந்நேரமும் ஏதாவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டபடியே இருப்பார். அது என்னவென்று கட்டிங் மாஸ்டர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப்புங்க மாஸ்டர். படிப்பு முடிஞ்சதுக்கு அப்புறம் ஆராய்ச்சி பண்றதுங்க."

"முடிஞ்சதுக்கு அப்புறம் என்னத்தைங்க பண்றது?"

"டிஜிட்டல் ஹியூமானிட்டீஸுங்க. மனுசங்க பேசறது, எழுதறது எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு, எந்தச் சொல்லு எங்கிருந்து வந்துச்சு, எப்படி மாறுச்சுன்னு பாக்கறதுங்க."

"நாங்க பேசறதையுமுங்களா?"

"உங்களதுதானுங்க நெறைய இருக்குது."

அதன்பிறகு ஒரு வாரம் மாஸ்டர் யாரையும் திட்டவில்லை.

பீகாரிலிருந்து வந்த டெய்லர் ஒருவர் ஒருநாள் என்னிடம் ஒரு பனியனை நீட்டி, "அக்கா, தாகா காட்டோ" என்றார். தாகா என்றால் நூல் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். தொங்கிய நூலை இழுத்துக் காட்டினேன். "காட்டோ, காட்டோ!" என்றார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். இந்தியில் அதற்கு 'வெட்டு' என்று அர்த்தமாம்! டாக்டரம்மாவுக்கு அது முன்னமே தெரியும். வாயைத் திறக்காமல் போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். "இன்னொருக்கா காட்டு கண்ணு" என்று என்னைத் தூண்டிவிட்டது வேறு.

மறுப்புக் கடிதம் வந்த நாளில் மட்டும் யார் என்ன புதுச் சொல்லை விட்டாலும் கத்தரியைக் கீழே வைக்கமாட்டார். அன்றைக்கு நோட்டும் பைக்குள்ளேயே கிடக்கும். பட்டம் வாங்கி இத்தனை வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அந்த உலகத்தில் ஒரு கெடு உண்டாம். அவருக்கு அது கடைசி வருடம்.

கடைசி விண்ணப்பத்துக்கு, உடன் வேலை செய்கிறவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் கேட்டிருந்தார்கள். மாஸ்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "இந்தம்மா வேலையில சுமாருங்க. ஆனா நாங்க பேசறதை இப்படிக் காது குடுத்துக் கேட்ட ஆளை நான் பாத்ததில்லீங்க." டாக்டரம்மா அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினார். 'சுமாரை'யும் சேர்த்துத்தான்.

அதற்கு இன்டர்வியூ வந்தது, வீடியோவில். கம்பெனியில் சத்தம் எட்டாத ஒரே இடம் துணி குடோன். ஒரு துணி ரோலின்மேல் போனைச் சாய்த்துவைத்து அவர் உட்கார, நான் வாசலில் காவல் நின்றேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மாஸ்டர் வந்துவிட்டார்.

"நேவி புளூ ரோலு எடுக்கோணுங்க."

"உள்ள இன்டர்வியூ நடக்குதுங்கண்ணா."

"அங்க கட்டிங் நிக்குதுங்க."

நான் மறிப்பதற்குள் உள்ளே போய், போன் சாய்ந்திருந்த அதே ரோலைத் தூக்கித் தோளில் போட்டார். போன் சரிந்தது. ஒரு கையால் லபக்கென்று பிடித்தார். திரையில் மூன்று பேராசிரியர்கள்.

"வணக்கமுங்க. ரோலு அவசரமுங்க. நீங்க பேசுங்க."

யார் இவர் என்று அவர்கள் கேட்டார்கள். டாக்டரம்மா வெளிறிப்போன முகத்தோடு, "எனக்குப் பரிந்துரை எழுதியவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேலையில் ஏன் சுமார் என்று கேட்டார்கள்.

"பனியனைப் பாக்கறதை உட்டுப்போட்டு எங்க வாயவே பாத்துட்டு இருந்தா வேலை எப்படிங்க ஓடும்?"

அதையும் டாக்டரம்மா மொழிபெயர்த்தார். மூவரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் இவருக்குப் பயம் போனது. 'தாகா காட்டோ'வை நடித்தே காட்டினார். அரைமணி இன்டர்வியூ ஒரு மணியானது. மாஸ்டர் ரோலைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றபடி முழுதும் கேட்டார்.

மூன்று வாரம் கழித்து டீ நேரத்தில் பதில் வந்தது. டாக்டரம்மா நான்கு முறை வாசித்துவிட்டு போனை என்னிடம் தந்தார். "எங்கயாவது 'வருந்துகிறோம்'னு இருக்குதா பாரு கண்ணு."

தேடினேன். இல்லை. இரண்டு வருட ஃபெலோஷிப்.

கோவை விமான நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டரம்மா உள்ளே போகும்முன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போயிட்டா சமாளிச்சுக்குவீங்களா கண்ணு?"

"நீங்க இல்லீன்னா எங்களுக்கு ஒரு கொறையுமில்லீங்க. தைரியமாப் போங்கக்கா" என்றேன்.

அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.